மார்ச் 31-ம் மே 31-ம்

வருஷ முடிவு நெருங்கும் நாட்களில் நிதி ஆலோசகர்கள் கூடுமிடங்களில் என்ன பேசப்படும் என்பதை, அத்தொழிலைச் சிறிது காலம் அருகிலிருந்து பார்த்தவர் எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழைய வரிமுறையிலேயே தங்கிவிட்டவர் தமக்குரிய 1.5 லட்சம் ரூபாய்க் கழிவை முழுவதும் உபயோகித்தாரா, மார்ச் 15-க்குள் கட்டவேண்டிய முன்வரியின் கடைசித் தவணை கட்டப்பட்டதா, பங்குகளில் விளைந்த நீண்டகால ஆதாயத்தில் வரிக்கு உட்படாத 1.25 லட்சத்தை இந்த வருஷக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வது உசிதமா, பி.பி.எஃப். கணக்கில் குறைந்தபட்சத் தொகையான 500 ரூபாயையேனும் போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறாரா என்றிப்படிப் பேச்சு நடக்கும். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக வாங்கப்படும் காப்பீட்டுப் பாலிஸிகளைக் குறித்து யோக்கியமான ஆலோசகர்கள் வருந்துவதும், மற்றவர்கள் அவற்றை விற்பதும் கூடவே நடக்கும். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரியே இல்லையென்று 2025-ம் வருஷத்து பட்ஜெட்டில் ஆன பிறகு இந்தப் பேச்சின் உஷ்ணம் சற்றுத் தணிந்திருக்கிறதேயன்றி, பேச்சு நின்றபாடில்லை.

இவற்றில் எதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இவை தேவையான உபதேசங்களே. நானும் வங்கி உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் இவற்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஓய்வுபெற்ற பின், பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுக்குப் போய், கடன், சேமிப்பு, காப்பீடு ஆகியவற்றைப் பற்றி அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வழக்கம் ஏற்பட்ட பிறகு, எனக்குத் தெளிவாகப் புலப்பட்ட விஷயம் ஒன்று உண்டு: அந்த ஜனங்களுக்கு வருஷம் மார்ச் 31-ல் முடிவதில்லை. அவர்களுடைய வருஷம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லப்படும் ஆலோசனை, எத்தனை சாஸ்திரோக்தமாயிருந்தாலும், அவர்கள் பையிலிருந்து பணத்தை எடுக்குமேயன்றி அதில் பணத்தைச் சேர்க்காது.

ஏப்ரல் முதல் மார்ச் வரையென்ற இந்தக் கணக்கு வருஷம் நம் நாட்டு மண்ணில் முளைத்ததன்று. 1867-ல், இங்கிலாந்து சர்க்காரின் கணக்கோடு ஒத்துப்போகும் பொருட்டு, பிரிட்டிஷ் ஆட்சியாளர் இதை ஏற்படுத்தினர். அதற்கு முன் கணக்கு மே முதல் ஏப்ரல் வரை ஓடியது. மழையை நம்பியுள்ள தேசத்தில் பருவமழையின் போக்குத் தெரியுமுன்பே வரவு செலவுத் திட்டம் போடுவது பொருந்தாதென்று, 1985-ல் அறிக்கை தந்த எல்.கே. ஜா குழு, வருஷத்தை ஜனவரியில் தொடங்கலாமென்று சிபாரிசு செய்தது. சர்க்கார் அதை ஏற்கவில்லை. அதற்கான நியாயங்கள் அவர்களுக்கு இருந்திருக்கும். ஆயினும், 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி வாணிபமும் நாணயச் சாலையும் நடத்திய டச்சுக் கம்பெனியார்கூடப் பருவக்காற்றைப் பார்த்துத்தான் கப்பலை விட்டார்கள் என்பதை, இப்போது இடிந்து புதர் மண்டிக் கிடக்கும் அந்தக் கோட்டை மேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழை பெய்து, ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, முகத்துவாரம் அகலத் திறந்து கடலும் ஏரியும் கலக்கும் ஐப்பசி, கார்த்திகை தொடங்கித் தை வரையிலான மாதங்களில்தான் இறால் ஓட்டம்; மடவையும் கொடுவாயும் பச்சை நண்டும் வலையில் விழுந்து, வீட்டில் ரொக்கம் புழங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். கோடை வந்ததும் முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து வழி குறுகிவிடுகிறது. தண்ணீர் வற்றி உப்பேறுகிறது. படகு தரை தட்டுகிறது. சித்திரை பிறந்த மறுநாள், அதாவது ஏப்ரல் 15-ல், கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்குகிறது. அந்தத் தடை விசைப்படகுகளுக்கே. ஏரிக்காரர்களுடைய ஃபைபர் படகுகளுக்கு இல்லை. ஆனால் காசிமேட்டு விசைப்படகுகளில் கூலிக்குப் போயிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த இரண்டு மாதம் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்காருகிறார்கள். வலையில் வருமானம் குறைந்திருக்கும் அதே சமயத்தில் உலையில் அரிசி அதிகம் போடவேண்டியிருக்கிறது. இவை போதாவென்று, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக்கூடாதென்ற அறிவிப்பு வேறு.

ஆகையால் என் அபிப்பிராயத்தில் அங்கே வருஷ முடிவு என்பது பங்குனிக் கடைசி அன்று; தை மாதமே. அப்போது கையில் இருப்பதை எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வைகாசி வரைக்கும் குடும்பம் நடக்கும். ஆலோசகர் வரவேண்டிய மாதமும் அதுவேயன்றி மார்ச் அன்று.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, எல்லாரும் அற்பமென்று கருதும் ஒரு தொகை. 2015-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு இன்று வருஷச் சந்தா 436 ரூபாய். சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். முன்னதில் எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் இரண்டு லட்சம், பின்னதில் விபத்தால் நேர்ந்தால் இரண்டு லட்சம். ஆக 456 ரூபாய்க்கு, கடலில் போகும் மனிதனுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பை எந்தக் கம்பெனியும் தராது. ஆனால் இவ்விரண்டின் வருஷமும் ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிவது. சந்தா மே மாதக் கடைசி வாரத்தில் தானாகவே கணக்கிலிருந்து பற்று வைக்கப்படுவது. மே மாதக் கடைசி வாரத்தில் பழவேற்காட்டு மீனவன் கணக்கில் என்ன இருக்கும்? பணம் இல்லாவிட்டால் சந்தா போகாது, காப்பீடு முடிந்துபோகும், முடிந்துபோனது அவனுக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்து, பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடும்போதுதான் தெரியவரும்.

மீன் கூடை தூக்கிப் பொன்னேரிச் சந்தை வரைக்கும் போய்வரும் ஒரு கிழவி, அந்த ஊரில் எல்லாரும் ஆயா என்று கூப்பிடுபவள், இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "துட்டு இருக்கிற மாசத்துல கேட்டா குடுத்துடுவோம் சார். ஒண்ணும் இல்லாத மாசத்துல வந்து கேட்டா ஏரியையா எடுத்துக் குடுக்கிறது?" இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யாராவது அந்தத் திண்ணையில் அப்போது இருந்திருந்தால் நன்றாயிருக்குமென்று தோன்றியது.

இதற்கு நாங்கள் கண்ட உபாயம் சாதாரணமானது. தை மாதத்தில், இறால் பணம் வரும்போதே, தலைக்கு 456 ரூபாயை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்துவிடுவது. குழு அதைத் தன் கணக்கில் தனிப் பேரேட்டில் எழுதி வைத்திருந்து, மே மாதம் மூன்றாம் வாரத்தில் அவரவர் வங்கிக் கணக்கில் கட்டிவிடுவது. தனி மனிதரின் கணக்கிலேயே தையிலிருந்து போட்டுவைத்தால் ஆகாதா என்று கேட்பவர் குடும்பஸ்தராக இருக்கமுடியாது. இதில் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளுக்கோ செல்போனுக்கோ மாதத் தவணை பிடிக்கப்படும் கணக்கில் காப்பீட்டுச் சந்தாவை வைக்கக்கூடாது. அங்கே போடும் எந்தப் பணத்தையும் தவணைக்காரன் முதலில் எடுத்துக்கொள்வான். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத ஜன் தன் கணக்கு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. ஒருமுறை விட்டுப்போனவர் மறுபடியும் சேரலாம்; வருஷத்தின் நடுவில் சேர்ந்தால் சந்தாவும் குறைவு, டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் சேருபவருக்கு 228 ரூபாய்தான். ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் விபத்தல்லாத காரணத்தால் மரணம் நேர்ந்தால் பணம் கிடையாது. வருஷா வருஷம் விட்டு விட்டுச் சேருபவர், வருஷா வருஷம் அந்த முப்பது நாள் வெறும் கையோடு நிற்கிறார்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் மீனவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கான குழு விபத்துக் காப்பீடு தனியே இருக்கிறது. அதற்கான சந்தாவைச் சர்க்காரே கட்டிவிடுகிறது. இதைப் பற்றி அறியாதவர் பலர். விபத்துக் காப்பீடு எதுவாயினும் போலீஸ் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்கப்படும் என்பதையும், துக்கத்தின் நடுவில் ஊர்ப் பெரியவர்கள் சடலத்தை உடனே அடக்கம் செய்துவிட்டால் பின்னால் விதவை அலையவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவைப்பது, கேட்பதற்கு அபசகுனமாயிருந்தாலும், ஆலோசகரின் கடமை. கடலில் காணாமற் போனவர் விஷயம் இன்னும் கஷ்டமானது. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாதவரையே சட்டம் இறந்தவரென்று அனுமானிக்கிறது.

இனிக் கடன். கடனைப் பற்றி அந்த ஊரில் வாய் திறப்பதற்குமுன் பாடு முறையை அறிந்துகொள்ள வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களின் தலைக்கட்டுகள், ஏரியில் வலை கட்டும் இடங்களைத் தமக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, இன்று இவர், நாளை அவர் என்று சுற்றி வரும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக வரும் இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த இடர்ப்பகிர்வை எந்தப் பொருளாதார நூலிலும் நான் படித்ததில்லை. ஆனால் இதன் பயனாகக் குடும்பத்தின் வருமானம் மாதாமாதம் வருவதன்று, முறைக்கு முறை வருவது. 5-ம் தேதி தவணை, 10-ம் தேதி தவணை என்று நகரத்தில் விற்கப்படும் கடன்களெல்லாம் இந்த வருமானத்தோடு ஒருநாளும் பொருந்தா. ஒரு தவணை தவறினால் அபராதம் சேர்ந்து, பிடிபட்ட மீனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

வியாபாரியின் முன்பணம் அப்படியன்று; அது முறை வரும்போது வாங்கிக்கொள்ளும், வராதபோது பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் வங்கி வாசலில் காத்திருப்பதைவிட வியாபாரியிடம் போவது மேலென்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அதை அறியாமையென்று சொல்பவர் அவர்களை அறியாதவர். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வட்டி என்ற பெயர் அதற்கு இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உதாரணமாக, எஞ்சினுக்கும் வலைக்குமாக 50,000 ரூபாய் முன்பணம் வாங்கியவர், பிடித்த நண்டையும் இறாலையும் அந்த வியாபாரிக்கே கொடுக்கவேண்டும். அவர் கரை விலையில் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 15 கிலோ, வருஷத்தில் 40 வாரம் என்றால் குறைந்த தொகை 12,000 ரூபாய். நூற்றுக்கு 24 வட்டி. அசலோ அப்படியே நிற்கிறது. நான் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவதில்லை. ஒரு வாரம் தாங்கள் விற்ற விலையையும், அதே நாளில் முன்பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையையும் குழுவின் பேரேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவரச் சொல்கிறேன். கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாக வரும்.

அதே 50,000 ரூபாயை மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டில் வாங்கினால் வட்டி நூற்றுக்கு 7. குறித்த தேதிக்குள் அடைத்தால் 3 கழிவு போக 4, வருஷத்துக்கு 2,000 ரூபாய். 2018-19 பட்ஜெட்டில்தான் இந்தக் கார்டு விவசாயிகளோடு மீனவர்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக்கூடாதென்றும் ஆயிற்று. கடன் கிடைப்பதில் உள்ள சிரமங்களை நான் அறிவேன். படகுக்குப் பத்திரம் கேட்டுத் திருப்பியனுப்பிய வங்கிக் கிளைகள் உண்டு. ஆனால் கிடைத்த பிறகு நேரும் சங்கடம் தேதியில் இருக்கிறது. அடைக்கவேண்டிய தேதி ஏப்ரலிலோ மேயிலோ விழுந்தால், அந்த 3 விழுக்காட்டுக் கழிவு ஏட்டில் எழுதிய சர்க்கரைதான். மீன் வரும் பருவத்தை அனுசரித்துத் தவணையை அமைக்க இத்திட்டத்தில் இடமிருக்கிறது. ஆகையால் கையெழுத்திடும்போதே ஜனவரிக் கடைசியைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்கிறேன். வட்டி விகிதத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுபவர்கள் தேதியைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினால் போதும்.

சீட்டைப் பற்றி என் சகபாடிகளுடன் எனக்கு நெடுநாளைய வாதம் உண்டு. தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு, ஏலச் சீட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிக்கவேண்டுமென்பது அவர்கள் கட்சி. குப்பத்துப் பெண்களுக்குத் திண்ணையிலேயே வந்து வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்கோ படகு ரிப்பேருக்கோ ஒரு கட்டாகப் பணம் தரும் ஏற்பாடு வேறு எதுவும் இல்லாதிருக்கையில், அதை ஒழி என்பது சுலபம். 1982-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா, பதிவுச் சான்றைக் காட்டுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள், காட்டாதவரிடம் பெருந்தொகை கட்டாதீர்கள் என்பதே நான் சொல்வது. தண்டலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பாடு உரிமை இல்லாமல், ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து ஜீவிக்கும் இருளர் போன்றவர்களைத்தான் தினத்தண்டல் அதிகம் பிடித்திருக்கிறது. காலையில் கழிவு போக வாங்கிய கடனை அன்றாட வரும்படியிலிருந்து நாள் தவறாமல் கட்டுபவருக்கு, வருஷ முடிவும் இல்லை, மாத முடிவும் இல்லை. அவர்களுக்குச் சேமிப்பைப் பற்றி உபதேசிக்குமுன், தண்டலை அடைக்கக் குழுவிலிருந்து ஒரு சிறு கடன் ஏற்பாடு செய்வதே முதல் வேலை. 2003-ம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறதென்று தைரியமும் சொல்லலாம். ஆனால் நாளைக்கும் கடன் கேட்கப்போகிறவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார்.

சர்க்கார் தரும் பணங்களிலும் தேதியைப் பார்த்து நடக்கவேண்டியவை உண்டு. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன்பிடி குறைந்த காலத்தில் 4,500-ஆகத் திருப்பித் தருகின்றன. இப்படி ஒன்றுக்கு மூன்றாகத் தரும் முதலீட்டைச் சென்னையில் எந்த ஆலோசகராலும் காட்டமுடியாது. ஆயினும் இடையில் தவணையை விட்டுவிடுபவர் இருக்கிறார்கள். தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் வந்ததும் அது யாருக்குப் போகிறதென்பதைக் கவனித்தால், கடைக்காரருக்கும் அடகுக்கடைக்கும் முன்பே எழுதிக்கொடுத்தாயிற்று என்பது தெரியும். அதைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நகையை மட்டும், மீட்கமுடியாதபடி வட்டி ஏறுமுன், தையில் ஒரு சிறு உருப்படியையாவது மீட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ரசீதில் அடகு வைக்காமல் தனித்தனி ரசீதாக வைத்தால்தான் அப்படி ஒவ்வொன்றாக மீட்கமுடியும் என்று சொல்வேன். நான் சொன்னவற்றுள் பெண்கள் உடனே ஏற்றுக்கொண்டது இதுதான்.

முதுமைக்கு அடல் ஓய்வூதியத்தைச் சொல்கிறேன். அறுபது வயதுக்குமேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தரும் இத்திட்டத்தில் 5,000-க்குச் சேருபவர் 18 வயதில் மாதம் 210 ரூபாயும், 40 வயதில் 1,454 ரூபாயும் கட்டவேண்டும். மாதாமாதம் கட்டுவதே விதியென்று பலரும், சில வங்கிச் சிப்பந்திகள் உட்பட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வழியும் இருக்கிறது, மீனவருக்கு உகந்தது அதுவே. நாற்பதைத் தாண்டியவரைச் சேர்க்கமாட்டார்கள்; அதனால் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதுக்காரர்களை முதலில் தேடிப் பிடிக்கிறேன். அதிலும் ஒரு வில்லங்கம். சென்ற மழைக்காலத்தில் ஒருவர், "எனக்கு முப்பத்தெட்டு சார், எங்கம்மாவையே கேளுங்க, ஆதார்ல மட்டும் நாப்பத்தொண்ணு" என்றார். வங்கிக்கு ஆதாரில் எழுதிய வயதே வயது. பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த முடியும், அதற்கும் பிறப்புச் சான்றோ பள்ளிக்கூடத்துச் சான்றோ வேண்டும். அவருடைய பழைய பள்ளிக்கூடத்தில் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.